மூன்றாவது பள்ளிக்கூடம்

கடையில் வாங்கிய கையோடு அம்மா என் மடியில் வைக்கும் ஜெராக்ஸ் கட்டு, ஆட்டோ வைத்திக்குப்பத்தைத் தாண்டும்வரை பாவாடையையும் மீறித் தொடையில் சுடும். எனக்கு ஒன்பது வயது. பாரீசுக்குப் பக்கத்தில் பிறந்து வளர்ந்த என்னையும் தங்கையையும் அழைத்துக்கொண்டு அம்மா திடீரென்று தன் ஊரான புதுச்சேரிக்கு வந்துவிட்டிருந்தாள். "அப்பா லீவு கெடச்சதும் வருவாரு" என்றாள். நான் நம்பவில்லை. லீவுக்குக் கிளம்புகிறவர்கள் பள்ளிக்கூடத்தில் பெயரை எடுத்துவிட்டா வருவார்கள்?

முதல் அரசுப் பள்ளியில், டி.சி. பிரெஞ்சில் இருப்பதால் சேர்க்க முடியாது என்றார்கள். இரண்டாவதில், அப்பா நேரில் வந்து கையெழுத்துப் போட வேண்டும் என்றார்கள். வெளியே வந்த அம்மா, இவர்களில் யார் அப்பாவுக்குப் போன் செய்வார்களோ என்பதுபோல, கேட்டருகே நின்றவர்களை ஒவ்வொருவராகப் பார்த்தாள்.

மூன்றாவது பள்ளியின் தலைமையாசிரியை, காகிதங்களைத் தொடுவதற்கு முன் எங்களைத்தான் படித்தார்.

"பிரான்ஸ்ல இருந்து வந்துட்டு கவர்ன்மென்ட் ஸ்கூல்ல சேக்கறீங்களே, என்னம்மா விஷயம்?"

"அங்க எல்லாரும் கவர்ன்மென்ட் ஸ்கூல்லதான் படிக்கறாங்க டீச்சர்."

அது உண்மைதான். ஆனால் அந்த அறையில் பொய் மாதிரி ஒலித்தது.

"சரி, ஒரிஜினலக் குடுங்க."

"பப்பியே" என்று பிரெஞ்சில் அவள் சொல்லும் அந்தக் காகிதங்களை அம்மா மார்போடு சேர்த்துக்கொண்டாள். கை உயர்ந்தபோது வளையலுக்கு மேலே யாரோ இறுக்கிப் பிடித்த தடம், விரல் விரலாக, மஞ்சள் பாய்ந்து தெரிந்தது. தலைமையாசிரியை அதைப் பார்த்தார். என் பக்கம் திரும்பி, "அப்பா எங்கம்மா?" என்று கேட்டார். என் வாயைப் பிடுங்கப் பார்க்கிறார் என்று பட்டது. நான் அம்மாவைப் பார்த்தேன்.

அவர் அப்பா கையெழுத்துக்கான கட்டத்தை அடித்துவிட்டு, "தாயார்" என்று எழுதிப் பேனாவை நீட்டினார். அம்மா தயங்கித்தான் வாங்கினாள். வீடு வந்து சேரும்வரை, "இவ்ளோ சுலபமா சேத்துக்கறாங்கன்னா என்னமோ இருக்கு" என்று முணுமுணுத்துக்கொண்டே வந்தாள்.

தீபாவளிக்குக் கொஞ்சம் முன்னால், பாரீசிலிருந்து வந்த சித்தப்பா எங்கள் வகுப்பு வராந்தாவில் நின்றார். கையில் எங்கள் படம். ஜன்னலோரம் இருந்த நான் தலையைக் குனிந்துகொண்டேன். எங்களைப் பிடித்துக் கொடுக்கத்தான் சேர்த்துக்கொண்டார்களா என்று நினைத்தேன். தலைமையாசிரியை படத்தை வாங்கி நிதானமாகப் பார்த்தார்.

"இந்தப் புள்ளைங்கள நான் பாத்ததே இல்லீங்களே. பெரிய ஸ்கூலா பாத்து விசாரிங்க சார்."

சித்தப்பா போய்விட்டார். பிறகு யாரும் தேடி வரவில்லை. சாயங்காலம் சொன்னபோது அம்மா, "நல்லாக் கேட்டியா? அப்டியேவா சொன்னாங்க?" என்று மூன்று முறை கேட்டாள். அப்பா லீவில் வருவார் என்று அதற்கப்புறம் அவள் சொன்னதில்லை.

இன்று அந்தப் பள்ளி இல்லை. பிள்ளைகள் போதவில்லை என்று வேறொரு பள்ளியோடு இணைத்துவிட்டார்கள்; கேட்டில் பூட்டுத் தொங்குகிறது. நான் என் மகளுக்கு இடம் தேடியபோது அது திறந்துதான் இருந்தது. நான்தான் உள்ளே போய்க் கேட்கவில்லை.