பாயின் கடைசி ரேஸும் என் திறந்த வாயும்

பாய் ஓட்டிய ரேஸ் ஒன்றுவிடாமல் பார்த்தவன் இந்த மந்தைவெளியிலேயே நான் ஒருத்தன்தான்.

சரி, பொய். ஒன்றுவிடாமல் போனவன் நான். பார்த்தது ஒன்றுகூட இல்லை.

சிரிக்காதீர்கள். பாய் ஓட்டியது டிராக் ரேஸ். ரெண்டு பைக், நேர் ரோடு, வளைவு கிடையாது. கம்பத்தில் மஞ்சள் விளக்கு வரிசையாக எரிந்து பச்சை விழுந்ததும் கிளம்ப வேண்டும். யார் முதலில் அந்தக் கோடியைத் தொடுகிறாரோ அவருக்கு ஜெயம். நான் ஸ்டேஷன் வாசலில் தள்ளுவண்டி போட்டு பஜ்ஜி சுடுகிறவன். என் கணக்குப்படி, எண்ணெயில் போட்ட பஜ்ஜி ஒரு பக்கம் வேகிறதுக்குள் ரேஸ் முடிந்துவிடும். அதற்குள் பார்க்க வேண்டியதைப் பார்க்கிற கண் எனக்கு வாய்க்கவில்லை.

முதல் தடவை போனபோது, "இதுல நம்ம பாய் எந்தப் பக்கம்?" என்று பக்கத்தில் நின்றவரைக் கேட்டேன். அவர் விரலை நீட்டினார். விரல் போன திசையில் வெறும் புகை இருந்தது. இன்னொரு தடவை தும்மல். செருப்பு வார் அறுந்து குனிந்ததும் உண்டு. ஒருமுறை கண்ணை அகலத் திறந்து வைத்துக்கொண்டு கடைசிவரை பார்த்தேன், கத்தினேன், துண்டைச் சுழற்றினேன். அது பாயே இல்லை, அதே சிவப்பு ஹெல்மெட் போட்ட யாரோ ஒருத்தர். பாய் ஓடியபோது நான் தொண்டை காய்ந்து தண்ணீர் குடிக்கப் போயிருந்தேன்.

பாயின் ரேஸுக்கெல்லாம் வேன் பிடித்துப் போகிற எங்கள் கூட்டத்தில் மீன் விற்கிற அக்கா ஒருத்தி உண்டு. பட்டினப்பாக்கத்துக் குப்பத்துக்காரி. காலையில் மார்க்கெட் முனையில் மீன், சாயங்காலம் என் வண்டியில் பஜ்ஜி, ரேஸ் என்றால் வேனில் முதல் சீட். அவள் சொல்லுவாள்: "இவன ரேஸுக்கு இட்டுனு போறதுக்கு என் மீனு அன்னக்கூடைய இட்டுனு போலாம்டா. அதுக்குக் கண்ணு இல்ல, பாக்கலன்னா தப்பு சொல்ல முடியாது."

இதில் என்ன கூத்தென்றால், மந்தைவெளிக்கே பாயின் ரேஸைச் சொன்னவன் நான்தான். மறுநாள் சாயங்காலம் ஜல்லிக்கரண்டிக் காம்பை ஆக்சிலேட்டர் மாதிரி முறுக்கிக்கொண்டு, வாயாலேயே இன்ஜின் சத்தம் போட்டு, பாயின் வண்டியைக் குதிரை மாதிரி ரெண்டு காலில் நிறுத்திக் காட்டுவேன். ரயில் இறங்கி வருகிறவர்கள் நின்று கேட்பார்கள். நான் பார்க்கவில்லை என்று எல்லோருக்கும் தெரியும். இருந்தும் கேட்பார்கள். பஜ்ஜியும் போகும்.

என் வண்டிக்குப் பின்னால் சந்துக்குள்தான் பாயின் மெக்கானிக் ஷெட். வீட்டில் உருது, கடையில் தமிழ், வண்டியிடம் இரண்டும் கலந்து ஏதோ பேசுவார். நான் போடுகிற சத்தம் அவர் காதிலும் விழும். இன்ஜினுக்குள் விட்ட தலையை எடுக்காமலே ஒரு தடவை சொன்னார்: "சவுண்ட் கொஞ்சம் ஓவரா கீது நைனா. என் வண்டி அப்படிக் கத்தாது."

அவ்வளவுதான் அவர் பேச்சு. ஊரே கொண்டாடுகிற ரேஸ்காரர், ரோட்டில் வந்தால் உங்களுக்கு அடையாளமே தெரியாது. பழைய மொபெட்டில் முன்னால் காய்கறிப் பையை மாட்டிக்கொண்டு போவார். தண்ணீர் லாரிகூட அவரை முந்திக்கொண்டு போகும். லஸ் கார்னரில் விடியற்காலை, ரோட்டில் ஒரு நாய்கூட இருக்காது, சிவப்பு விழுந்தால் நிற்பார். பின் சீட்டிலிருந்து நான், "போ பாய், யாரு கீறாங்க இங்க" என்பேன். "லைட்டு கீதே" என்பார். பீச் ரோட்டில் ரேஸ் விடுவதற்காக சைலென்சரைக் கழற்றச் சொல்லி வருகிறவர்களிடம் சாவியை வாங்கி சட்டைப் பையில் போட்டுக்கொள்வார். "வூட்ல பெரியவங்கள இட்டுனு வந்து வாங்கிக்கோ." எவ்வளவு கெஞ்சினாலும் சாவி வராது.

அவர் ஓட்டுவதை நிறுத்தப்போகிறார் என்பது எனக்குத்தான் முதலில் தெரிந்தது. அதில் பெருமை ஒன்றும் இல்லை, அந்த நேரத்தில் தள்ளுவண்டியில் நான்தான் இருந்தேன். வந்தவர் இடது கையை வண்டி விளிம்பில் வைத்து அதையே பார்த்துக்கொண்டிருந்தார். கிளட்ச் பிடிக்கிற கை.

"கை லேட்டா வருது நைனா."

"எங்கருந்து?"

"பச்ச வுழுது. கண்ணு பாத்துடுது. கை அப்பால வருது."

"இன்னும் ஜெயிச்சினுதான கீற?"

"அது மத்தவன் இன்னும் லேட்டு, அதனால" என்றார். "இன்னும் ஒண்ணு ஓட்டுவேன். அதோட போதும்."

ஜெயித்துக்கொண்டிருக்கும்போதே எழுந்து போகிற மனிதரை நான் அதுவரை பார்த்ததில்லை. நான் தோற்றால்கூட இடத்தை விடாதவன். மூன்றாம் வகுப்பிலேயே மூன்று வருஷம் இருந்தவன், அதுவும் அவர்களாக அனுப்பித்தான் வந்தேன். அன்றைக்கு பாய் போனபிறகு விரல்விட்டு எண்ணினேன். இனி ஒரே ஒரு ரேஸ். அதையும் விட்டுவிட்டால், வாழ்நாள் முழுக்க கரண்டியை முறுக்கிக்கொண்டு நிற்க வேண்டியதுதான்.

பாய் நிறுத்தப்போவதும் என் பயமும் எங்கள் கூட்டத்துக்குத் தெரிந்துபோனது. வழியனுப்பு விழாவுக்கு வேன் பேசினார்கள், ஆள் உயர ரோஜா மாலை சொன்னார்கள், பேனர் அடித்தார்கள். பேனரில் பாய் கட்டைவிரல் அளவுக்கு நடுவில் இருந்தார். சுற்றிலும் எங்கள் முகங்கள் தாம்பாளம் தாம்பாளமாக. என் படத்தில் மட்டும் கண் மூடியிருந்தது. என் கூட்டாளி ஆட்டோக்காரன் அதைத் தட்டிக் காட்டினான்.

"மச்சி, பேனர்லயே நீ பாக்கலடா."

"இன்னிக்கு இவன் பாக்குறான்" என்றாள் அக்கா. "நா பொறுப்பு."

ஞாயிற்றுக்கிழமை. கடையை என் வீட்டுக்காரியிடம் விட்டுவிட்டு வேனில் ஏறினேன். ஊருக்கு வெளியே ரேஸ் நடக்கிற இடத்தில் வேலி ஓரம் என்னை நிறுத்தினார்கள். வலது தோளை ஆட்டோக்காரன் பிடித்துக்கொண்டான். அக்கா பின்னாலிருந்து என் தலையை ரெண்டு கையாலும் ரோட்டைப் பார்க்கத் திருப்பிப் பிடித்தாள். வஞ்சிரம் வாசனை. திரும்ப வழியில்லை.

ஓட்டத்துக்கு முன்னால் பாய் ஹெல்மெட்டைக் கையில் பிடித்தபடி வேலிப் பக்கம் வந்தார். விசில் காதைக் கிழித்தது. பேனரைப் பார்த்து, "இதுல நா எங்க கீறேன்?" என்று கேட்டார். பதிலுக்கு மாலையைப் போட்டார்கள். குனிந்து வாங்கிக்கொண்டு, உடனே கழற்றினார்.

"இத்தப் போட்டுனு ஓட்டுனா சக்கரத்துல மாட்டும்." மாலையை வேலிக்கு மேலாக என் கழுத்தில் போட்டார். "நீ வச்சிக்கோ. கண்ண மட்டும் மூடாத நைனா."

கல்யாண மாப்பிள்ளை மாதிரி நின்றேன். பக்கத்து வரிசையில் ஓட்டப்போகிறவன் பாய் வயசில் பாதிகூட இருக்கமாட்டான். அவனிடம் போய் பாய் அவன் ஹெல்மெட் பட்டியை இழுத்துப் பார்த்து, சரியாக மாட்டிவிட்டார். எதிராளிக்குச் செய்கிற வேலையா அது. அதைச் செய்துவிட்டுத்தான் தன் வண்டியில் ஏறினார்.

டயர் ரோட்டைப் பிடிக்க, பின்சக்கரத்தை ஈரத் தரையில் சுழற்றிச் சூடாக்கினார்கள். டயர் புகை எங்கள் மேல் வந்தது. இருமல் வந்தது. இருமவில்லை. கண் எரிந்தது. மூடவில்லை. மஞ்சள், மஞ்சள், மஞ்சள்.

பச்சை விழுந்தது. நான் பார்த்தேன்.

தொடக்கம் முதல் முடிவு வரை பார்த்தேன். பாய் அரைச் சக்கர தூரத்தில் தோற்றார். கோடியில் வேகம் குறைந்து நிமிர்ந்து உட்கார்ந்தவர், இடது கையை ஹேண்டில்பாரிலிருந்து எடுத்து, விரல்களை ஒரு தடவை மடக்கி விரித்துப் பார்த்தார். கோபம் இல்லை. வேலைக்காரனுக்குச் சம்பளம் கொடுத்து அனுப்புகிற மாதிரி ஒரு பார்வை. பிறகு அதே கையை எங்கள் பக்கம் தூக்கிக் காட்டினார்.

"பாத்தியாக்கா?" என்று திரும்பினேன்.

"யாருடா ஜெயிச்சது?" என்றாள்.

"நீ பாக்கல?"

"நா உன் கண்ணயில்லடா பாத்துனு இருந்தேன், மூடுதா மூடலயான்னு."

ஆட்டோக்காரனைப் பார்த்தேன். அவன் செல்போனை என் மூஞ்சிக்கு நேராகப் பிடித்துக்கொண்டிருந்தான். நான் பார்த்ததற்கு ஆதாரம் வேண்டுமாம். அவன் எடுத்த வீடியோவில் ரேஸ் முழுக்க என் வாய்தான், திறந்தபடி, மாலைக்கு மேலே. மற்றவர்கள் பாதிப் பேர் பேனரைத் தூக்கிப் பிடித்து அதற்குப் பின்னால் இருந்தார்கள். மீதிப் பேர் அழுதுகொண்டிருந்தார்கள்.

வேனில் திரும்பும்போது எல்லோரும் என்னைச் சூழ்ந்துகொண்டார்கள். "சொல்றா, எப்படிப் போச்சு?" வாயைத் திறந்தேன். ஒன்றும் வரவில்லை. பார்க்காததையெல்லாம் மணிக்கணக்கில் சொன்ன வாய்க்கு, பார்த்ததைச் சொல்லத் தெரியவில்லை. குதிரையும் இல்லை, ஆட்டமும் இல்லை, சத்தமும் அப்படி இல்லை. எதை வைத்து ஆரம்பிப்பது. "மெய்யாலுமே பாத்துட்டான்டா" என்றாள் அக்கா. "அதான் ஊமையாய்ட்டான்."

மறுநாள் சாயங்காலம் பாய் என் வண்டிக்கு வந்தார். வழக்கமாக ஷெட்டிலிருந்தே கையைக் காட்டுவார், நான் கொண்டுபோய்க் கொடுப்பேன். அன்றைக்கு அவரே வந்து நின்றார்.

"வீடியோ பாத்தேன்" என்றார். "என் கடைசி ரேஸ்ல உன் கடவாப்பல்லுகூடத் தெரியுது. நா ஒரு எடத்துலயும் இல்ல."

"தப்புதான் பாய்."

"தப்பு இன்னாத்துக்கு." ஒரு பஜ்ஜியை எடுத்து ஊதினார். "டைம் போட்டு சீட்டு குடுத்தாங்க. எப்படி இருந்துச்சின்னு அதுல போடல. வேற வீடியோல பாத்தா வண்டி தெரியுது, நா தெரியல. உள்ள குந்தினு இருக்கறவனுக்கு லைட்டு மட்டும்தான் நைனா. நா ஓட்றத நா ஒரு தபாகூடப் பாத்ததில்ல."

பாயின் ரேஸைப் பார்க்காதவன் நான் ஒருத்தன்தான் என்று இத்தனை நாள் நினைத்திருந்தேன்.

"நீ பாத்த இல்ல. சொல்லு" என்றார். "சவுண்ட் வுடாம."

கரண்டியைக் கீழே வைத்தேன்.

"பச்ச வுழுந்துச்சு பாய். வண்டி உடனே போகல. மொதல்ல கீழ போச்சு."

"கீழயா?"

ஒரு வாழைக்காய் வில்லையை மாவில் தோய்த்து எண்ணெயில் விட்டேன். அது அமுங்கி, ஒரு கணம் உள்ளே நின்று, பிறகு எழும்பி மேலே வந்தது. பாய் குனிந்து அதையே பார்த்தார்.

"இப்படியா?"

"இப்படியேதான். அந்தப் பையன் வண்டி துள்ளிச்சு. உன்னுது அமுங்கிச்சு. முதுகு மட்டும் ஆடவே இல்ல. அப்பால..."

"அப்பால?"

"அப்பால நீ..."

"யோவ்," என்றாள் வீட்டுக்காரி வண்டியின் அந்தப் பக்கத்திலிருந்து. "ரயில் வந்து ஜனம் இறங்கிக்கினு கீது, ஒத்த ஆளா நா எத்தினி பேருக்குக் கட்டுவேன். இங்க வா, கத அப்பால சொல்லிக்கலாம்."

நான் பாயைப் பார்த்தேன். அவர் கவிழ்த்துப் போட்டிருந்த பக்கெட்டை இழுத்து அதன்மேல் உட்கார்ந்தார்.

"போ நைனா," என்றார். "நா இங்கதான் கீறேன்."