சயந்தினி அக்காவின் அழைப்பு வலை

மெல்பேர்ண் டண்டினொங்கில் பொதி அனுப்பும் கம்பனி ஒன்றில் சயந்தினி அக்காவுக்குப் பக்கத்துக் கதிரை எனக்கு. பெரிய புரோகிராம்களை மற்றவர்கள் எழுதுவார்கள். அக்கா எழுதுவது அவற்றுக்குள் ஓடும் சின்னச் சின்ன ஃபங்ஷன்கள். புள்ளிகளும் கோடுகளுமான ஒரு வலையில் புள்ளி ஒன்றைச் சேர்க்க, ஒன்றை எடுக்க, இங்கிருந்து அங்கே போக வழி உண்டா என்று பார்க்க. எல்லாரும் தினமும் பாவிப்பார்கள், எழுதியவர் பெயர் ஒருவருக்கும் தெரியாது.

"குசினிக் கத்தி மாதிரித்தான் தம்பி. ஆர் தீட்டினது எண்டு ஆர் கேக்கினம்?" என்பா.

இங்குள்ள எங்கள் ஊர்ச்சங்கத்துக்கும் அப்படி ஒரு வலை செய்து கொடுத்திருந்தா. எங்கள் ஆட்களுக்குச் செத்தவீட்டைப் போனில் சொல்லவேண்டும். மெசேஜ் போட்டால் சொன்னதாகாது. சொல்லாமல் விட்டாலோ, கோபம் பேரப்பிள்ளைகள் வரைக்கும் போகும். ஒவ்வொரு குடும்பமும் ஒரு புள்ளி, யார் யாருக்குப் போன் எடுக்கவேண்டும் என்பது கோடு. ஒருவர் இறந்தால் அவர் புள்ளியை நீக்கிவிட்டு, அறுந்த கோடுகளை மிச்சப் புள்ளிகளோடு வலையே முடிச்சுப்போட்டுக்கொள்ளும். "ஒரு மணித்தியாலத்திலை நானூறு வீடு" என்று சொல்லும்போது மட்டும் அக்கா கொஞ்சம் நிமிர்ந்து இருப்பா.

போன புதன்கிழமை மத்தியானம். அக்கா தோடம்பழம் உரித்துக்கொண்டிருந்ததால் போனை ஸ்பீக்கரில் போட்டா. கிளென் வேவர்லியிலிருந்து யோகா அன்ரி. கணவர் சிறி அங்கிள் போன வருடம் இறந்தவர்.

"பிள்ளை, சிட்னிப் பவளம் திங்கட்கிழமையிலை இருந்து போன் எடுக்கிறாளில்லை. உன்ரை கொம்பியூட்டரிலை வேறை நம்பர் ஏதும் கிடக்கோ? ஞாயிறு அவளுக்குப் பிறந்தநாள். நான் எடுக்காட்டி பிளேன் ஏறி வந்து அடிப்பாள்."

அக்காவின் கை நின்றுவிட்டது. பவளம் அன்ரி திங்கட்கிழமை இறந்துவிட்டா. எனக்கே தெரியும். வலை அன்றைக்கே எல்லா வீட்டுக்கும் சொல்லிவிட்டது. யோகா அன்ரியோடு பள்ளிக்கூடத்தில் ஒரே வாங்கில் இருந்து படித்தவ.

அக்கா யோகா என்று தட்டினா. இல்லை. சிறி என்று தட்டினா. நீக்கப்பட்டது, திகதியோடு. அப்போதுதான் விளங்கியது. சங்கத்தின் பழைய கொப்பியில் குடும்பங்கள் ஆம்பிளையின் பெயரில்தான் இருந்தன. அக்கா அதை அப்படியே வலையில் ஏற்றியிருந்தா.

"அன்ரி... பவளம் அன்ரி மோசம் போயிட்டா. நாளைக்குப் பத்து மணிக்கு எடுக்கினம்."

அந்தப் பக்கம் குழாயில் தண்ணீர் ஓடுகிற சத்தம். நிற்கவேயில்லை.

"எல்லாருக்கும் தெரியுமோ?"

"ஓம் அன்ரி."

"எனக்கு ஏன் ஒருத்தரும் சொல்லேல்லை?"

"பிழை என்ரை, அன்ரி. சிறி அங்கிளை எடுக்கேக்கை உங்களையும் சேத்து எடுத்துப்போட்டன்."

"நான் இருக்கிறன் தானே பிள்ளை."

அக்கா வாயைப் பொத்திக்கொண்டா. நான் என் திரையைப் பார்ப்பதுபோல இருந்தேன். பிறகு அன்ரி மெதுவாகக் கேட்டா: "முகம் பாக்கலாமோ?"

அன்ரிக்கு ஆறு மணிச் சிட்னிப் பிளேனுக்கு ரிக்கெற் போட்டுவிட்டு அக்கா புரோகிராமில் நாலு வரி எழுதினா: வலை தொடங்கியதிலிருந்து இப்படி யார் யார் அதிலிருந்து விழுந்துபோனார்கள்? பதினொரு பேர். பதினொன்றும் பெண்கள். வலை தொடங்கி இரண்டு வருடம்.

ஒவ்வொருவருக்கும் போன் எடுக்கத் தொடங்கினா. முதல் ராஜகுமாரி அன்ரி.

"ரெண்டு வருசமா ஒரு போன் கோலும் வரேல்லையே அன்ரி, ஏன் எனக்கு ஒரு சொல்லுச் சொல்லேல்லை?"

"எதுக்குப் பிள்ளை? மனிசன் போனா அவ்வளவுதானே எண்டு நினைச்சன்."

அடுத்தவவும் அதைத்தான் சொன்னா. மூன்றாமவ சிரித்தா. ஒருத்திகூட அதைப் பிழை என்று நினைத்திருக்கவில்லை. அக்கா போனை மேசையில் கவிழ்த்து வைத்தா. பிறகு நாலாவது நம்பரை அழுத்தினா.

வியாழன் மத்தியானம் சிட்னியிலிருந்து யோகா அன்ரி எடுத்தா.

"முகம் பாத்திட்டன். இனி என்னை ஆரின்ரை பேரிலை போடப்போறாய்?"

"உங்கடை பேரிலைதான் அன்ரி."

"எனக்குச் சொன்னா மட்டும் காணாது. எனக்கும் நாலு பேரைத் தா, நானும் போன் எடுத்துச் சொல்லுறன்."