வேண்டுமென்றே தப்பாகப் போட்ட ஐந்து கணக்குகள்

மூன்றாம் வகுப்பில் எங்களுக்கு மார்க் கிடையாது. டீச்சர் தாளைத் திருத்தி மேலே ஒரு கிரேடு போடுவார், கீழே இரண்டு வார்த்தை எழுதுவார். எனக்கு எப்போதும் 'ஏ'. கீழே மலையாளத்தில் 'நன்னாயி', நன்று என்று. அவ்வளவுதான்.

என் பெஞ்சிலேயே உட்கார்ந்திருந்த சித்தி மகளுக்கு 'சி'. ஆனால் அவள் தாளைப் பார்க்க வேண்டுமே! ஐம்பத்திரண்டில் முப்பத்தேழு போனால் இருபத்தைந்து என்று எழுதுவாள். மேலே எது, கீழே எது என்று பாராமல் பெரிய இலக்கத்திலிருந்து சின்னதைக் கழித்துவிடுவது அவள் வழக்கம். டீச்சர் அதை அடிக்கவில்லை. பக்கத்தில் சிவப்பு மையில் பத்துப் பத்தாகக் குச்சிக் கட்டுகள் வரைந்து, ஒரு கட்டை அவிழ்த்தால் எத்தனை வரும் என்று கேட்டிருந்தார். கட்டுக்கு ரிப்பன் முடிச்சுகூடப் போட்டிருந்தார். எனக்கு வயிறு எரிந்தது.

சீக்கிரம் முடித்துவிட்டுக் கூரை ஓடுகளை எண்ணும் பிள்ளை நான். அடுத்த ஒர்க்‌ஷீட்டில் ஐந்து கணக்குகளையும் நிதானமாக, கவனமாக, அவள் முறையிலேயே தப்பாகப் போட்டேன். சரியாகப் போட எனக்கு அத்தனை நேரம் ஆனதே இல்லை.

ஒன்றை மட்டும் நான் கவனிக்கவில்லை. ஒரு வாரமாக வீட்டில் ஈர்க்குச்சிகளை ரப்பர் பேண்டால் கட்டியும் அவிழ்த்தும் கொண்டிருந்த சித்தி மகள், அன்று ஐந்தையும் சரியாகப் போட்டுவிட்டாள்.

பெற்றோரை வரவழைத்துத் தாள்களைக் காட்டும் நாள் வந்தது. அம்மாவும் சித்தியும் எங்கள் வீடு இருந்த கரமனையிலிருந்து பஸ் ஏறி வந்து, சின்ன பெஞ்சில் முழங்கால் இடிக்க உட்கார்ந்தார்கள். எங்கள் இரண்டு தாள்களையும் டீச்சர் அருகருகே வைத்தார். இரண்டிலும் கிரேடு இல்லை, கேள்விக்குறி.

"ரெண்டு பேரும் தாள் மாத்தி எழுதியதாணு" என்றார், அம்மாக்களுக்காகப் பாதித் தமிழில். சித்தி மகளின் வீட்டுப்பாடத்தை நான் எழுதிக் கொடுப்பது அவருக்கு முன்பே தெரியும். சரியாக இருந்த தாளை என்னிடம் நீட்டினார். "மோளே, இது நீ செய்ததல்லே?"

"நானாக்கும் போட்டேன்" என்றாள் சித்தி மகள்.

"சும்மா கெட, ஏட்டி. டீச்சர் பொய்யா சொல்லுவாங்க?" சித்தி அவள் தொடையில் கிள்ளினாள்.

டீச்சர் அங்கேயே அவளுக்கு ஒரு கணக்குக் கொடுத்தார். எல்லோரும் குனிந்து பார்க்க, பெரிய இலக்கத்திலிருந்து சின்னதைக் கழித்தாள். பழைய வழக்கம் திரும்பி வந்துவிட்டது. டீச்சர் என்னைப் பார்த்தார். உண்மையைச் சொன்னால் குச்சிப் படத்துக்கு ஆசைப்பட்டதையும் சொல்ல வேண்டும், அதுவும் அம்மா முன்னால். ஆமாம் என்று தலையாட்டினேன். டீச்சர் திட்டவில்லை. சித்தி மகளை வேறு பெஞ்சுக்கு மாற்றினார். அவள் முதன்முதலாக முழுக்கச் சரியாகப் போட்ட தாளில் கேள்விக்குறி அப்படியே நின்றது.

சாயங்காலம் அவள் சண்டைக்கு வருவாள் என்று தயாராக இருந்தேன். ஈர்க்குச்சிக் கட்டுகளோடு வந்து எதிரில் உட்கார்ந்தாள்.

"உனக்கும் இது வராதுன்னு எனக்குத் தெரியாம போச்சே. டீச்சர்ட்ட சொல்ல நாணமா இருந்திருக்கும், அல்லே? அழாத. நான் சொல்லித் தாறேன்."

நான் அழவே இல்லை.

நாற்பத்து மூன்றில் பதினெட்டு. கட்டுகளை வரிசையாக வைத்து, ஒன்றை மெல்ல அவிழ்த்தாள். "இப்ப கையில எத்தன குச்சி? எண்ணிப் பாரு. அவசரப்படாத, கேட்டியா?" அப்படியே டீச்சரின் குரல்.

நான் எங்கே பொறுப்பேன்! "இருபத்தஞ்சு" என்றேன். "இதெல்லாம் எனக்கு முந்தியே தெரியும்."

"தெரியுமா?"

அவள் கை நின்றது. பிறகு குச்சிகளைப் பொறுக்கிக்கொண்டு, கட்டாமலே உள்ளே எடுத்துப் போய்விட்டாள்.

சரியான விடையைத்தானே சொன்னேன், இதற்குப் போய் ஏன் எழுந்து போகிறாள் என்றுதான் அப்போது நினைத்தேன்.