சொல்ல மாட்டேன் என்று சொன்னவள்

விடுதிப் பிள்ளைகள் அந்த வார்டனுக்கு வைத்த பெயர் தெர்மாமீட்டர். நெற்றியில் கை வைக்காமல் எந்தப் பிள்ளையோடும் அவள் பேச்சைத் தொடங்க மாட்டாள். புருஷன் போனபிறகு சோற்றுக்காகச் சேர்ந்த வேலைதான். ஆனால் பெற்றவர்கள் வெளிநாட்டில் கிடக்க, இங்கே காய்ச்சலானாலும் கண்ணீரானாலும் எல்லாம் அவள் மடியில்தான்.

அவளிடம் ஒரு கெட்ட பழக்கம். "யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்" என்று பிள்ளைகளுக்கு வாக்குக் கொடுக்கக் கூடாதென்று பயிற்சியில் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார்கள். கேட்டால்தானே! விடுமுறைக்கு முந்தின நாள், ஏழாம் வகுப்புப் பெண் ஒருத்தி பெட்டி கட்டாமல் சுருண்டு கிடந்தாள். அதே வாக்கைக் கொடுத்துத்தான் வார்டன் அவளைப் பேச வைத்தாள். வந்து விழுந்தது என்ன தெரியுமா? அழைத்துப்போக வரும் சித்தப்பா, தன் வீட்டில் ராத்திரியில் அவள் அறைக்குள் வருவாராம்.

 வார்டன் நேரே பள்ளி முதல்வரிடம் ஓடினாள். அவர் போலீசுக்குச் சொன்னார், பிள்ளையைக் கூப்பிட்டு விசாரித்தார், வெளிநாட்டிலிருந்த தாய்க்கும் போன் போட்டார்.

"அவ எப்பவும் கதை கட்டுவா. பேசாம அவர்கூட அனுப்பிவிடுங்க" என்றாள் பெற்றவள். இப்படியும் ஒரு தாய்!

"போலீஸ் நாளைக்கு மத்தியானம்தான் வருமாம். அதுக்குள்ள அவர் வந்தா நான் எப்படித் தடுக்கறது?" என்று முதல்வர் கையைப் பிசைந்தார். அவருக்குப் பாம்பும் சாகக் கூடாது, தடியும் உடையக் கூடாது.

மறுநாள் காலையிலேயே கார் வந்து நின்றது. சித்தப்பா முதல்வர் அறைக்குள் போனதும், பிள்ளை தானாகவே பெட்டியை இழுத்துக்கொண்டு காரை நோக்கி நடந்தாள். வார்டன் மூச்சிரைக்க ஓடிப்போய் வழியை மறித்தாள்.

"விடுங்க மிஸ். சொல்ல மாட்டேன்னு சொல்லிட்டுச் சொல்லிட்டீங்கல்ல? இங்க இருந்து மட்டும் என்ன ஆகப்போகுது?"

"தப்புதான் கண்ணு. என்னைத் திட்டு, அடி, என் மூஞ்சியிலயே முழிக்காதே. கார்ல மட்டும் ஏறாதேடி, உன் கால்ல வேணா விழறேன்."

பிள்ளை நின்றாள். "அம்மாகிட்டயும் சொன்னீங்களா?"

"சொன்னோம்."

"நம்பினாங்களா?"

வார்டன் காரைத் திரும்பிப் பார்த்தாள். உண்மையைச் சொன்னால் இவள் ஏறிவிடுவாள்.

"நம்பினாங்க. உன்னை அனுப்பவே கூடாதுன்னு சொல்லிட்டாங்க."

பிள்ளை பெட்டியைக் கீழே போட்டாள். ஓடிவந்து வார்டனின் இடுப்பைக் கட்டிக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதாள். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தாள்.

"இப்பவே போன் போட்டுக் குடுங்க மிஸ். அம்மாகிட்ட பேசணும்."