கண் திறக்காத படம்

நம்பாதவர்கள் நம்ப வேண்டாம். போன ஆகஸ்ட் மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை, கும்மிடிப்பூண்டியில் பட்டப்பகலில் எனக்கு நடந்தது இது.

எங்கள் ஏரியாவில் துளசிராமன் என்று ஓர் ஓவியர். இறந்தவர்களின் படம்தான் வரைவார். கம்பெனி வேலைக்குப் போனவர்கள் வீட்டில் வேறு நல்ல போட்டோ இருக்காது. ஐடி கார்டைத்தான் கொண்டுபோய்க் கொடுப்பார்கள். முகம், சட்டை எல்லாம் முடித்துவிட்டு, கண்ணை மட்டும் கடைசியில் வைப்பார்; கண் திறப்பது என்பார் அதை. அதுவும் படம் கேட்டவர் நேரில் வந்து சொன்ன பிறகுதான். வருடத்துக்கு ஒரு ஞாயிறு தன் பட்டறையை எல்லோரும் பார்க்கத் திறந்துவிடுவார். வேடிக்கை பார்க்கும் புத்தி எனக்கு எப்போதும் கொஞ்சம் அதிகம். போனேன்.

மணி 4:10. உள்ளே அவரைத் தவிர யாரும் இல்லை. டர்பன்டைன் வாடை. ஃபேன் ஓடியும் வியர்த்துக் கொட்டியது. சுவர் முழுக்க முகங்கள். எதிலும் கண் இல்லை.

மூலையில் கண் இல்லாத இரண்டு படங்கள் சாய்த்து வைக்கப்பட்டிருந்தன. ஒன்றில் பெரிய மீசை வைத்த ஒருவர். நான் பார்த்தே இராத முகம். இன்னொன்றில்...

என் தம்பி ஜோஷ்வா.

நீல யூனிஃபார்ம். தாடையில் அதே தழும்பு. ஸ்டீல் கம்பெனியில் அந்த நேரம் ஷிப்டில் இருப்பவன்.

"இது... யாரு குட்தது?"

துளசிராமன் திரும்பினார். "இன்னாமா பிரின்சி, இப்டி கேக்கற? செவ்வாக்கெழம நீதான வந்து குட்த?"

செவ்வாய்க்கிழமை முழுக்க நான் வேலையில் இருந்தேன்.

"அவன் உயிரோட கீறான்!"

அவர் பிரஷ்ஷை டப்பாவில் தட்டினார். டிக்... டிக்... பிரஷ் ஜோஷ்வாவின் முகத்தை நோக்கிப் போனது.

"தொறக்காதீங்க! இவனுக்கு வாணாம்!"

பிரஷ் நின்றது.

"இவனுக்கு வாணாமா?"

"வாணாம்!"

"செரி."

வெளியே ஓடினேன். 4:25. போன் அடித்தேன். எடுக்கவில்லை. மறுபடி... எடுக்கவில்லை. ஆட்டோ பிடித்துக் கம்பெனி கேட்டுக்குப் போனேன். அம்மாவுக்கு நெஞ்சுவலி என்று செக்யூரிட்டியிடம் பொய் சொன்னேன்.

4:48. ஜோஷ்வா வெளியே வந்தான். கட்டிப்பிடித்து அழுதேன்.

"அம்மாக்கு இன்னாக்கா ஆச்சு?"

வாயைத் திறந்தேன். அதற்குள்...

டமார்!

4:51. சைரன். புகை.

உலை வெடித்துவிட்டது. ஜோஷ்வாவின் இடத்தில் மாற்றுக்கு நின்றவர் அங்கேயே போய்விட்டார். பெயர் முனுசாமி என்றார்கள்.

நான்காம் நாள் மறுபடி பட்டறைக்குப் போனேன். போகாமல் இருக்க முடியவில்லை. ஜோஷ்வாவின் படத்தில் கண் இல்லை. பக்கத்திலிருந்த மீசைக்காரருக்கு இரண்டு கண்ணும் திறந்திருந்தன. கீழே பெயர் எழுதியிருந்தது. முனுசாமி.

நேராக என்னையே பார்த்தார்.

"இவரு போட்டோ... யாரு குட்தது?"

துளசிராமன் பிரஷ்ஷைத் துடைத்துக்கொண்டே சொன்னார்.

"நீதாம்மா. ரெண்டையும் ஒண்ணாத்தான குட்த? ஒருத்தருக்குத்தான் கண்ணு தொறக்கணும், யாருக்குன்னு ஞாயித்துக்கெழம வந்து சொல்றேன்ன... வந்து சொல்லிட்ட."