குத்துவிளக்குக்குப் பக்கத்தில் வைத்த லூட்

பொறியியல் படிப்பைப் பாதியில் விட்டுவிட்டு, வீட்டைவிட்டுத் தனியறையும் எடுத்துக்கொண்டு, நாங்கள் குடியேறிய இந்தக் குளிர் நகரத்தின் ஜான்-டலோன் சந்தைக்குப் பக்கத்திலுள்ள ஒரு பட்டறைக்கு வாத்தியம் செய்யப் பழகப் போனாள் மகள். அன்றிலிருந்து மனைவி அவளோடு நேரே கதைப்பதில்லை. "சாப்பிட்டாளோ எண்டு கேளுங்கோ" என்பாள் என்னிடம். நடுவில் நான்தான் தபால்காரன். எனக்கு அந்த வேலை வெறுத்தே போயிருந்தது.

போன சரஸ்வதி பூசைக்கு, யாரும் கேட்காமலே, தான் செய்த முதல் லூட்டைக் கொண்டுவந்தாள். பேரிக்காயைப் பாதியாகப் பிளந்ததுபோல முதுகுள்ள, பழங்கால ஐரோப்பிய வாத்தியம் அது.

"சாமிக்கு முன்னாலை வைக்கலாமோ அம்மா?"

மனைவி புத்தகங்களை ஒதுக்கி, நட்டநடுவில், குத்துவிளக்குக்குப் பக்கத்திலேயே வைத்தாள். தந்திகளைத் தாங்கும் குதிரைக்கு ஒரு சந்தனப் பொட்டும் வைத்தாள்.

வீணையில் தந்திகள் குதிரைக்கு மேலால் போய் அப்பால் கட்டப்பட்டிருக்கும். லூட்டிலோ குதிரையிலேயே முடிச்சுப் போடுகிறார்கள். இழுவை முழுவதையும் அந்த ஒல்லிக் கட்டையும் அதை ஒட்டிய பசையும்தான் தாங்கவேண்டும். அந்தப் பசைக்குச் சூடு ஆகாது என்று எங்களுக்கு எங்கே தெரியும்? தேவாரம் முடியவில்லை, 'டக்' என்று குதிரை கழன்று தந்திகளோடு தொங்கியது.

"ஆசையாக் கொண்டுவந்தவள். நான் உடைச்சுப்போட்டன். இனி இந்தப் பக்கம் கொண்டுவருவாளோ?" மனைவி என்னைப் பார்த்து அழுதாள்.

மகள் அவளருகில் குந்தினாள். "உடையேல்லை அம்மா. முன்பலகை வெடிக்கமுதல் பசை விட்டிடோணும் எண்டுதான் அப்பிடி ஒட்டுறது. திருப்பி ஒட்டலாம்."

மறுநாள் விஜயதசமி. பசைக்கட்டிகளோடு வந்த மகள் வாசலிலேயே நின்றாள். "இது மாட்டுத்தோல் பசை அம்மா. கராஜிலை வைச்சுக் காய்ச்சிறன். குளிருக்கு இறுகிப்போயிடும், பரவாயில்லை."

நவராத்திரிக்கு முட்டை போட்ட கேக்கைக்கூட வீட்டுக்குள் விடாத மனுசி என் மனைவி. மகளின் கையிலிருந்த பசைக்கட்டிகளைப் பார்த்தாள். பிறகு பால் காய்ச்சும் சட்டியை எடுத்து அடுப்பில் வைத்தாள்.

"குளிருக்கை என்னத்துக்கு? உள்ளுக்கு வா."

வீடு முழுக்க ஒரு நாற்றம். நான் சும்மா இருந்திருக்கலாம். "சாமி கோவிக்காதோ?" என்றேன்.

"நீங்கள் பேசாமல் இருங்கோ."

குதிரையை இருவரும் சேர்ந்து அழுத்திப் பிடித்திருந்தார்கள். மகளின் விரல்களுக்கு மேல் தாயின் விரல்கள்.

மகள் புறப்படும்போது, என்னிடம் சொல்லி அனுப்பாமல், மனைவியே கார் வரை போனாள்.

"வாற வருசமும் கொண்டு வா பிள்ளை. விளக்கைத் தள்ளி வைக்கிறன்."