டாக்டர் சொன்ன 'சாரி'

மொரப்பூர் பக்கம் எங்கள் கிராமம். போன வருஷம் கரும்புத் தோட்டத்தில் பாம்பு கடித்து, என் கணவரை டவுன் ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். நான் கதவுக்கு வெளியே நின்றிருந்தேன். மத்தியானம் டாக்டர் வெளியே வந்தார். வெளியூர்க்காரர், தமிழ் சரியாக வராது.

"எங்கூட்டுக்காரரு பொழைச்சுக்குவாருங்களா, டாக்டர்?"

"சாரிம்மா" என்று மெதுவாகச் சொல்லிவிட்டுப் போனார்.

பஸ்ஸில் காலை மிதித்தால் சொல்கிற வார்த்தையாகத்தான் எனக்குச் 'சாரி' தெரியும். உயிர் போனாலும் அதையே சொல்வார்கள் என்று தெரியாது. என் காதில் 'சரிம்மா' என்றே விழுந்தது. கையெடுத்துக் கும்பிட்டேன். கண் விழித்ததும் அவருக்குப் பசிக்குமே என்று ஓடிப்போய் இட்லி வாங்கி வந்தேன். அங்கே என் தம்பி அழுதுகொண்டிருந்தான்.

"ஏன்டா அழுவற? டாக்டரு சரின்னுட்டாருடா!"

"அது சரி இல்லக்கா, சாரி. காப்பாத்த முடியலைன்னு அர்த்தம். மாமா போயிட்டாருக்கா."

அவர் போன பிறகும் இட்லிப் பொட்டலத்தோடு சிரித்தபடி ஓடிவந்தேனே!

இப்போதெல்லாம் யார் இங்கிலீஷில் எது சொன்னாலும், "அதத் தமிழ்ல சொல்லுங்க" என்று கேட்காமல் நான் நகர்வதே இல்லை. வெட்கப்படாமல் நீங்களும் கேளுங்கள், சகோதரிகளே.